பூஜ்யம் ஆகும் வரை

புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் டீபக்கரில் ஒவ்வொரு வரியாக 'நெக்ஸ்ட்' தட்டிப் பிழை தேடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒரு தட்டு, ஒரு வரி. நிபந்தனை போட்டு ஒரு லூப் எழுதிவிட்டால் அதுவே ஓடிப் போய்ப் பிழை இருக்கும் வரியில் நிற்காதா? காலை நீட்டி உட்காரத் தெரியாத ஜென்மங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, கழக்கூட்டத்து அலுவலகத்தில், எங்கள் பில்லிங் புரோகிராமில் சரக்கு இருப்பைக் காட்டும் எண் எங்கோ நடுவழியில் பூஜ்யமாகிக்கொண்டிருந்தது. பாதி நான் எழுதியது. மீதி, வலியசாலையிலிருந்து வரும் பக்கத்து சீட்டுக்காரி எழுதியது. யார் வரியில் தப்போ அவர் சனிக்கிழமையும் வரவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கோ சனிக்கிழமை நாகர்கோவிலில் பெண் பார்க்கும் ஏற்பாடு. ஏற்கெனவே ஒரு தடவை நான் தள்ளிப்போட்ட சம்பந்தம்.

அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"விரலுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பூஜ்யம் ஆகும் வரை ஓட என் டீபக்கரில் கட்டளை எழுதினேன். 'வைல்', எண் பூஜ்யத்துக்குச் சமம், அடுத்த வரிக்குப் போ. என்டர் தட்டியதுமே நின்றுவிட்டது. நின்றது அவள் வரியில்.

"பாத்தியா! உன் வரியிலதான் பூஜ்யம்."

அவள் எட்டிப் பார்த்தாள். "அய்யே, எண் இன்னும் நாப்பதுலன்னா நிக்கறது! இது ஓடவே இல்லையாக்கும். வைல்னா பூஜ்யமா இருக்கற வரைக்கும். ஆகற வரைக்கும் இல்லே, கேட்டியா?"

தமிழில் 'வரை' இரண்டு வேலையும் பார்க்கும். டீபக்கருக்கு அந்தத் தாராளம் கிடையாது. எண் பூஜ்யமாக இல்லை என்றதும் புறப்பட்ட இடமான அவள் வரியிலேயே உட்கார்ந்துவிட்டது. கிளம்பாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஊர் வந்துவிட்டதென்று பெட்டியோடு இறங்கிய மேதை நான்.

அவளே கை நீட்டிச் 'சமம்' என்பதைச் 'சமமில்லை' என்று மாற்றினாள். இந்த முறை லூப் ஓடியது. வரிகள் பறந்தன. நின்றபோது எண் பூஜ்யம். வரி என்னுடையது. அதன் தலைமேல் நானே எழுதிவைத்த குறிப்பு: 'இது சரியாக இருக்கிறது, யாரும் தொடவேண்டாம்.'

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"நீ வாற வரைக்கும் அந்தப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்னு நெனச்சியாலே?"

பக்கத்து சீட்டுக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு ஒக்காந்து நன்னா நெக்ஸ்ட் தட்டு, கேட்டோ. விரல் பத்திரம்."