சிவப்பில் நின்ற முள்

பழைய மாருதி காரைக் கரண்டு வண்டியாக மாற்றித் தரச் சொல்லி வில்சன் அண்ணன் என் பாறசாலை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மனைவி லீலா அக்காவை டயாலிசிஸுக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அக்காவுக்குத் தெம்பில்லை.

மோட்டார், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் பூட்டி, எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று காட்டும் ஆம்பியர் மீட்டரை டாஷ்போர்டில் வைத்தேன். ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் கன்ட்ரோலர் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். வண்டி தன்னால் ஓடும். அதற்காகவே பேட்டரியை நேராகத் துண்டிக்கும் சிவப்புக் கைப்பிடி ஒன்றை அக்காவின் பக்கம் வைத்தேன். பயந்துபோன டிரைவரின் கை ஸ்டீயரிங்கை விடாது.

"அண்ணன் கால எடுத்தும் முள்ளு எறங்கல்லேன்னா இத இழுங்க அக்கா," என்றேன்.

அண்ணன் சிரித்தார். "எலே, அவளே அர உயிரு ஆக்கும். நீ வேற பேடிப்பிக்காத."

எனக்கு எரிச்சல் வந்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இது விளையாட்டில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வளைவில் வண்டி பாய்ந்து ரப்பர் மரத்தில் மோதியது. அண்ணனுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. அக்காவுக்குக் கை ஒடிந்தது.

போலீஸ் பார்த்து விட்டபின் வண்டியை என்னிடம்தான் இழுத்து வந்தார்கள். கன்ட்ரோலர் ஷார்ட். சாவியை அணைத்தால் பிரிந்து கரண்டை நிறுத்த வேண்டிய மெயின் கான்டாக்டரின் பாயின்ட் உருகி ஒட்டியிருந்ததால் சாவியை அணைத்தும் பயனில்லை. சிவப்புக் கைப்பிடியை யாரும் தொடவே இல்லை. மீட்டரைக் கழற்றிச் சோதித்தேன். முள் சரியாகவே காட்டியது.

அக்காவைப் பார்க்கப் போனேன்.

"மக்கா, அண்ணன் கால எடுத்தாச்சு. முள்ளு சிவப்புலேயே நின்னுது. நான் கண்டேன். ஏத்தத்துல நான் பேடிச்சு அழுவேன்னு, அந்த மீட்டர் கேடாக்கும், நீ பாக்காண்டாம்னு அண்ணன் சொல்லியிருந்தாரு. அதனால இழுக்கல்ல." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அது கேடுதானே?"

என் கை வேலையை இன்னொருவன் குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான்.

"கேடுதான் அக்கா," என்றேன். "நான் வச்ச மீட்டர்தான் கேடு."

அன்று முதல் ஊரில் எனக்குக் கேடு மீட்டர்காரன் என்றுதான் பேர். பலர் வண்டி தராமல் போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. இப்போது அக்காவும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து வண்டியை அனுப்பாதீர்கள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவரை ஏற்றி, ஓடும் வண்டியில் அந்தக் கைப்பிடியை அவர் கையாலேயே இழுக்க வையுங்கள். அதைப் பார்த்து ஓட்டுகிறவர் சிரித்தால், சாவியைக் கொடுக்காதீர்கள்.