உயிரோடு இருந்தவருக்கு இரங்கல் செய்தி

தாத்தா போன இரண்டாவது வாரம், பாட்டி கதை எழுதிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகை "எழுத்தாளர் மறைந்தார்" என்று கட்டம் கட்டி, தாத்தாவின் படத்தைப் போட்டு இரங்கல் செய்தி வெளியிட்டது. அதைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், பத்திரிகையைச் சுருட்டி முற்றத்தில் வீசியதுதான். எழுத்தாளர் எங்கே மறைந்தார்? கூடத்து மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்தாளர் என் பாட்டி.

தாத்தா வாழ்நாளில் ஒரு கதை எழுதியதில்லை. திருச்சி கோர்ட்டில் குமாஸ்தா. சாயங்காலம் ஸ்ரீரங்கம் திரும்பி, பெருமாளைச் சேவித்து, சாப்பிட்டு, எட்டரை மணிக்கெல்லாம் குறட்டை விடுகிற மனுஷர். எழுதியதெல்லாம் பாட்டி. மத்தியானம் அடுக்களை வேலை ஓய்ந்த பிறகு எழுதுவார். கடையில் வாங்கிய காகிதமும் மையும் மடி இல்லை என்பது பாட்டியின் மாமியார் போட்ட சட்டம். பேனாவைத் தொட்டால் மறுபடி குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடலாம். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாத்தமுது, அதாவது ரசம், வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். கதை எழுதியதற்கு அந்த வீடு கொடுத்த சன்மானம் அது.

கதைகளுக்கு அடியில் தாத்தாவின் பெயர் ஏன்? அதுவும் அந்த மாமியார் கைங்கர்யம்தான். வீட்டுப் பெண்ணின் பெயர் அச்சில் வந்தால், நாளைக்கு எவனாவது அந்தக் காகிதத்தில் பக்கோடா மடித்துத் தின்றுவிட்டுத் தெருவில் போடுவான், நாலு பேர் மிதிப்பார்கள். பாட்டிக்கு வைத்திருந்தது கோயில் தாயாரின் திருநாமம் வேறு. சரி, தாத்தாவின் பெயர் மட்டும் என்னவாம்? பெருமாள் பெயர்தானே? அதில் எண்ணெய் ஊறலாமாக்கும். முப்பது வருஷம் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

தாத்தா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். வடக்குச் சித்திரை வீதியில் யாராவது நிறுத்தி, கதை பிரமாதம் என்றால், "ஏதோ பெருமாள் அனுக்ரஹம்" என்று கையைக் கூப்புவார். வீட்டுக்கு வந்து, "உன் கதை நன்னாருக்காம்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுக் காபி கேட்பார். அத்தோடு சரி.

அவர் போன பிறகு ஒரு வருஷம் பாட்டி வாசல்படி தாண்டக் கூடாது. நான் அப்போது கோட்டைப் பக்கம் ஒரு ஸ்கூலில் டீச்சர். பாட்டியோடுதான் இருந்தேன். காகிதமும் மையும் வாங்கிக் கொடுத்தேன். அந்த இருட்டு மூலையில் உட்கார்ந்து பாட்டி ஒரு கதை எழுதினார். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் காபியில் சர்க்கரை கம்மி என்று முகம் சுளிக்கிறவர்களைப் பற்றி, புருஷனை இழந்தவள் மனசுக்குள் பேசிக்கொள்கிற கதை. படித்துவிட்டு, சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்தேன். அடியில் பாட்டி முதல் முறையாகத் தன் பெயரைப் போட்டிருந்தார்.

"இனிமே வேற யார் பேரைப் போடறது, சொல்லு" என்றார். நான்தான் போஸ்ட் பண்ணினேன்.

கதை திரும்பி வந்தது. கூடவே நாலு வரி. காலஞ்சென்ற தங்கள் கணவரின் நடையை அப்படியே பின்பற்றியிருக்கிறீர்கள், தங்களுக்கென்று சொந்தமாக ஒரு நடையைத் தேடிக்கொள்வது நலம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "என்னைப் பார்த்து நானே காப்பியடிச்சுட்டேனாம்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பத்திரிகைக்கு உண்மையை எழுதினேன். பேத்தியை யார் மதித்தார்கள்? பதிலே இல்லை. பாட்டியை எழுதச் சொன்னால், "எனக்கு நானே சாட்சி சொல்லிக்கறதாடீ?" என்று மறுத்துவிட்டார். ஆகவே மாமாவிடம் போனேன். பாட்டியின் ஒரே பிள்ளை, பொன்மலையில் ரயில்வே உத்தியோகம். ஆபீசில் எழுத்தாளர் பிள்ளை என்று அவருக்குத் தனி மரியாதை.

"எல்லாம் எங்கம்மா எழுதினதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கோ மாமா. பிள்ளை சொன்னா நம்புவா."

"அப்பா ஊரையே ஏமாத்தினார்னு நான் கையெழுத்துப் போடணுமா? பரமபதிச்ச மனுஷரைத் திருடன்னு சொல்லணுமா?"

"பாட்டி உயிரோட இருக்காளே மாமா."

"இந்த வயசுல அம்மாவுக்குப் பேர் எதுக்குடீ?"

அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு பதிப்பகத்தார் வந்தார். தாத்தாவின் கதைகளையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போடப் போகிறாராம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தாத்தாவின் மனைவி என்ற முறையில் பாட்டி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து வாங்க வருவதற்கு முதல் நாளே பாட்டி மாமாவிடம் சொல்லிவிட்டார்: "அட்டையில என் பேர் வரதானா போடறேன். இல்லேன்னா புஸ்தகமே வேண்டாம்."

மறுநாள் பதிப்பகத்தார் வந்து உட்கார்ந்ததும் மாமா என்ன செய்தார் தெரியுமா? "அம்மாவுக்குக் கை நடுங்கறது சார், கைநாட்டு வாங்கிண்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். ஆபீசிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார், பாவி. இத்தனை கதை எழுதிய கைக்குக் கைநாட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டியின் கட்டை விரலைப் பிடித்துவிட்டார்.

பாட்டி இழுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்கப்பாவுக்கு நீதான் கொள்ளி வெச்சே. நாளைக்கு எனக்கும் நீதான் வைக்கணும், வேண்டாங்கலை. நான் செத்தப்பறம் வை. இப்பவே வைக்காதே."

மாமா விரலை விட்டார். பதிப்பகத்தார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். புத்தகம் வரவில்லை. பாட்டி எண்பது தாண்டியும் இருந்தார், கடைசிவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை. மாமாதான் போகிற இடத்திலெல்லாம், கிழவி பிடிவாதத்தால் அப்பாவின் எழுத்தெல்லாம் வீணாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்.