பார்க்காமல் எழுதிய எண்

சுபாங் ஜெயாவில் விளக்குகளைச் சோதிக்கும் கூடத்தில் நான் உதவியாளன். ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எண்களைப் பிழையில்லாமல் எழுதுவேன் என்ற பெருமை இருந்தது.

உயர் அழுத்த விளக்கு இரும்புப் பெட்டிக்குள் எரியும்; உள்ளே ஒரு கேமரா அதைப் படமெடுக்கும். அதன் மின்முனைகள் தேயத் தேய, என் மேசை மீட்டரில் வோல்ட் ஏறும். அதிகம் ஏறினால் விளக்கு வெடிக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை நான் தாளில் குறிக்க வேண்டும்.

ஒருநாள் தே தாரிக் குடிக்கப் போய் ஒரு முறை தவறவிட்டேன். திரும்பினால், இஞ்சினியர் மிஸ் தாளுக்காகக் காத்திருந்தார். தவறவிட்டதைச் சொல்லக் கூச்சம். மேலிருந்த எண்ணையே கீழேயும் எழுதிக் கொடுத்தேன்.

"வோல்ட் ஏறலயே. கேமராவ சரி பண்ணிடுறேன் அண்ணே," என்று பெட்டிக் கதவின் பிடியில் கை வைத்தார்.

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். வோல்ட் வெகுவாக ஏறியிருந்தது.

"மிஸ், திறக்காதீங்க. அந்த நம்பர நான் பார்த்து எழுதல."

அவர் கையை எடுத்து என் பக்கம் திரும்பினார். உள்ளே விளக்கு வெடித்தது. கண்ணாடித் துண்டுகள் கதவின் உட்புறம் மோதி உதிர்வது கேட்டது.

அவர் திட்டவில்லை. தாளை நீட்டினார். "அந்த நம்பர வெட்டிடுங்க அண்ணே."

இன்றும் ஒவ்வோர் எண்ணையும் எழுதுமுன், அன்று கதவருகே திரும்பிய அவர் முகத்தை மனதில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.