கிளட்ச் மேல் இருந்த கால்

பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். அசல்தானா என்று பார்க்க எங்கள் வீட்டில் அடிக்கடி ஒரு இழையைக் கொளுத்துவார்கள் என்பதால், அந்த வாடை எனக்குச் சோறு வடிக்கும் வாடை போலப் பழக்கம். ஆனால் ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, படவேட்டுக் கோயிலுக்குப் போகிற வழியில், சந்தவாசல் தாண்டி எங்கள் பழைய அம்பாசிடரின் அடியிலிருந்து கிளம்பியது தொண்டையை அரிக்கிற வேறொரு வாடை. இன்றும் ஏதாவது லாரி மேடேறும்போது அது மூக்கில் பட்டால், எனக்கு நினைவுக்கு வருவது கார் அல்ல. முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்காவின் பின்கழுத்துதான்.

அப்பா பத்து வயதில் ஆரணியில் தறிக்குழிக்குள் காலை விட்டவர். இருபத்தைந்து வருஷம் மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்துவிட்டு, பிறகு சொந்தமாக நூல் வாங்கி முள்ளிப்பட்டில் பத்துத் தறிகளுக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வந்தார். தறிகளுக்குப் பாவு நூல் கொண்டுபோகவும் சேலை வாங்கி வரவும் அந்தக் காரை யாரோ ஒரு டாக்டரிடமிருந்து வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. கலா அக்கா பிளஸ் டூ முடித்த அந்தத் தொண்ணூறுகளின் கோடையில், தெருவே வாயைப் பிளக்கும்படி, அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்டீரிங்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "காலு ரெண்டும் நல்லா தான இருக்குது அவளுக்கு" என்றார்.

என் கால்களும் நன்றாகத்தான் இருந்தன. பதினொரு வயதுக்குக் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். "உனக்குக் காலு எட்டட்டும் கண்ணு, பாக்கலாம்" என்று என்னைப் பின் சீட்டில் நூல் மூட்டைகளோடு போட்டுவிட்டு, ஞாயிறுதோறும் கோட்டை மைதானத்தில் அவளுக்குப் பாடம் நடக்கும். அக்காவின் தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தாலே பொறுக்காதவள் நான், ஸ்டீரிங் என்றால் கேட்க வேண்டுமா? எங்களை வாய்விட்டுப் பாராட்டியே அறியாத அப்பா அவள் கியர் மாற்றும்போதெல்லாம் "பேஷ்" என்பார், ஒவ்வொரு பேஷுக்கும் நான் நூல் மூட்டையைக் கிள்ளுவேன். வண்டி துள்ளி நின்றுவிட வேண்டும் என்று பின்னாலிருந்து வேண்டிக்கொள்வேன், நின்றால் சந்தோஷப்படுவேன். ஆனால் ஒரே மாதத்தில் அவள் கையில் வண்டி துள்ளுவதை நிறுத்திவிட்டது. "கியரு போட்டதும் காலை எடுத்துத் தனியா வெச்சிடு. கிளட்சு மேலயே வெச்சிகினு இருந்தா தேஞ்சி பூடும்" என்று அப்பா ஒவ்வொரு வாரமும் சொல்வதை அவளைவிட நான்தான் கவனமாகக் கேட்டுவைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஓட்டிக்கொண்டிருந்தது அப்பா. என்ஜின் காடு அதிர உறுமியது, கார் மட்டும் மாட்டு வண்டிக்கு வழிவிடுகிற வேகத்தில் ஊர்ந்தது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப்பார்த்தார்கள். கடைசியில் வண்டி அசையவே இல்லை. அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், அம்மா என் பக்கத்தில் தேங்காய், பூ வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது நான் சொன்னேன்: "அக்கா தான்பா. கிளட்சு மேலருந்து காலை எடுக்கவே எடுக்காது. நான் பின்னால இருந்து பாத்துகினே இருந்தேன்."

பச்சைப் பொய். பின் சீட்டிலிருந்து அவள் பின்கழுத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து கீழே பார்த்தாள், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "போதும் கண்ணு, நீ படிப்பைப் பாரு" என்றார் அப்பா அவளிடம். ஞாயிற்றுக்கிழமைப் பாடம் அதோடு நின்றது. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, தெருவே கண்ணு வெச்சிடுச்சி" என்று அம்மா மறுநாள் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். கண் வைத்தவள் வீட்டுக்குள்ளேயே இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்த காரை ஷெரீப் பாயின் பட்டறையில் விட்டார்கள். அவர் கியர்பாக்ஸை இறக்கிய அன்று அப்பாவோடு நானும் போயிருந்தேன். கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து, ரிவிட் ஆணிகள் வெளியே தெரிந்தன. அந்த ரிவிட்டுகள் உரசி உரசி, என்ஜினோடு சுற்றுகிற அந்தப் பெரிய இரும்புச் சக்கரத்தை, பிளைவீலை, வட்டம் வட்டமாகக் கீறியிருந்தன. சூட்டில் அது நீலம் பாரித்து, மயிரிழை விரிசல்கள் விட்டிருந்தது. "லேத்துல கடைஞ்சி போட்டாலும் நிக்காதுங்க, வேற தான் போடணும்" என்றார் பாய். "பொண்ணு ரெண்டு மூணு மாசமா கத்துகினு இருந்தா, அதனாலயா?" என்று அப்பா கேட்டார். "ரெண்டு மூணு மாசத்துல பிளைவீலு இப்படி ஆவாதுங்க. இது வருஷக் கணக்கா காலை மேலயே வெச்சி ஓட்னது."

வேலூரிலிருந்து புது பிளைவீல் வந்தது. கைப்பிசுக்கு படக்கூடாது என்று பெட்ரோலில் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, புதுப் பிளேட்டை நடு பார்த்து வைத்துப் பூட்டினார்கள். ஓட்டிப் பார்க்க அப்பா உட்கார்ந்தார், பாய் பக்கத்தில், நான் பின்னால் நடுவில் எக்கிக்கொண்டு. மூன்றாவது கியர் விழுந்ததும் பாய் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, காலு." அப்பாவின் இடது கால் கிளட்ச் மேல் அமர்ந்திருந்தது. "தறி மிதிச்ச காலுங்க, கீழ நிக்காது" என்று பாய் சிரித்தார். அப்பா காலை இறக்கினார். அடுத்த வளைவுக்குள் அது தானாகவே மேலே ஏறிவிட்டது. அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

பாயைப் பட்டறையில் இறக்கிவிட்ட பிறகு, அப்பா முன் கதவைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "வீட்ல ஒன்னும் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டதே, எதற்குச் சொல்ல வேண்டும்? அக்காவுக்கு அந்தத் தை மாதமே வந்தவாசியில் கல்யாணமாகிவிட்டது. கால் எட்டியதும் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், அவள் பேஷ் எல்லாம் எனக்கே வந்து சேர்ந்தன.

இப்போது அப்பா இல்லை, அம்பாசிடர் காயலாங்கடைக்குப் போய்ப் பல வருஷமாகிறது, மைதானத்தில் கார் பழகுவாரும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அக்காவை வந்தவாசியிலிருந்து என் காரில் கூட்டிவந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் குனிந்து என் கால் பக்கம் பார்த்தாள்.

"இதுல கிளட்சு இல்லியா?"

"இல்லக்கா. தானா மாத்திக்கும்."

"அப்பாவுக்கு இது ஆயிருக்காது. காலை எங்க வெப்பாரு பாவம்."

என் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல தான உக்காந்துகினு இருந்தேன். வண்டி நின்னப்ப கூட அவரு காலு அது மேல தான் இருந்திச்சி. நீ சொன்னதும் அவரு மூஞ்சில ஒரு நிம்மதி வந்திச்சி பாரு, அதுக்கப்புறம் நான் என்னாத்த சொல்றது?"

ஆள் நடமாட்டமில்லாத ஒரு ஏரிக்கரைப் பாதையில் காரைத் திருப்பி நிறுத்தி, இறங்கி, அவளை ஸ்டீரிங் பக்கம் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம், ஒரு குலுக்கல் இல்லாமல், வண்டியை அப்படி எடுத்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு வயிறு எரிந்தது, இந்த முறை அதை அவளிடமே சொன்னேன்.

"தெரியும்" என்றாள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.