உயிரோடிருந்த அம்மாவுக்கு ஆத்துமப் பூசை

தர்மத்துக்குப் படிப்பு, தர்மத்துக்கு மருந்து என்று யாராவது மேடையேறிப் பெருமை பேசினால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். நான் அந்தத் தர்மத்தில் வளர்ந்தவள். நன்றி கெட்டவள் என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். அதற்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அப்பா கம்பளை ரயில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். எனக்கு எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். டாக்டரைக் கூப்பிட வழியில்லை. கசாயமும் செபமாலையும்தான் வைத்தியம். அம்மா ஒரு கடைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் புதைத்த வாரமே அவளுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளை படிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் டாக்டர் வந்து பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தது கண்டியில் ஒரு கன்னியர் மடத்தில். மேல் கட்டடத்தில் காசுள்ள வீட்டுப் பிள்ளைகள், கீழ்க் கட்டடத்தில் இலவசப் பிள்ளைகள். சாப்பாடு, சட்டை, இங்கிலீஷ், மருந்து எல்லாம் சும்மா. ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளை அநாதையாக இருக்க வேண்டும்.

வழி சொன்னவர் எங்கள் கோயில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லிக்கொடுப்பதும் சாமியாருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பதும் அவர் வேலை.

"தகப்பன் மட்டும் செத்தா பாதி அநாதைம்மா. பாதிக்கு அங்க எடமில்ல," என்றார். "நீயும் செத்துட்டேன்னு எழுதிடுறேன். நான் நீட்டுற கடுதாசிய சாமி வாசிக்கிறதில்ல, கையெழுத்துப் போட்டுருவாரு."

"அப்ப நான் யாருங்க?"

"சித்தி. செத்தவளோட தங்கச்சி. முகச்சாடையும் சரியா வரும். பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல?"

கண்டிக்கு ரயிலில் போகும் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. "நான் யாரு?" "அம்மா." தொடையில் ஒரு கிள்ளு. "நான் யாரு?" மறுபடி கிள்ளு. பேராதனை தாண்டியபோது எனக்குப் பாடம் வந்துவிட்டது. மடத்து வாசலில் முதன்முதலாக அவளைச் சித்தி என்று கூப்பிட்டபோது அம்மாவின் முகம் சுண்டிப்போனது. பிறகு கணக்குச் சரியாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டினாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு சொந்தக்காரர்கள் வரலாம். அம்மா ஒரு மாதமும் தவறியதில்லை. வந்ததும் என் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்ப்பாள். கட்டிப்பிடிக்க மாட்டாள், அழ மாட்டாள்; சித்திக்கு அதெல்லாம் அதிகமாம். கீழ்க் கட்டடத்துக்குப் பொறுப்பாயிருந்த யாழ்ப்பாணத்துச் சிஸ்டர் ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் கொடுமை நவம்பர். ஆத்துமாக்கள் திருநாளில் அநாதைப் பிள்ளைகளின் தாய் தகப்பன் பேர்களைப் பூசையில் வாசிப்பார்கள். அப்பா பேர் வரும், பின்னாலேயே அம்மா பேர் வரும். நான் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, கம்பளையில் சட்டி கழுவிக்கொண்டிருக்கிறவளின் ஆத்துமா இளைப்பாற வேண்டிக்கொள்வேன். முதல் வருஷம் பயந்து செத்தேன். வேண்டுதல் பலித்துவிட்டால்? அடுத்த ஞாயிறு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"என் பேரையும் வாசிச்சாங்களா? நல்லதுதான் புள்ள. பணக்காரங்களுக்கே செத்த பொறகுதான் பூச. எனக்கு இப்பவே சேந்துக்கிட்டு வருது."

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவளையல்ல, அவளைச் சிரிக்க வைத்தவர்களை.

எனக்குப் பதினைந்து வயதான வருஷம் அம்மாவுக்கு இருமல் கண்டது. வரும் ஞாயிறுகளில் வெறும் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மடத்து மருந்து ஜன்னலில் நீட்டுவாள். சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். அநாதைக்கு இருமல் வந்தால் டாக்டர் வருவார். அநாதையின் சித்திக்கு ஜன்னல். இது என்ன நியாயம் என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்கு வருஷ முடிவில் பரீட்சை, தேறினால் டீச்சர் பயிற்சி. "என்ன நடந்தாலும் வாயத் தொறந்துடாத, இத்தன வருஷப் பாடு வீணாப் போயிரும்," என்று போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் உபதேசியாரிடமிருந்து துண்டுக் கடிதம் வந்தது. உன் சித்தியைக் கண்டி ஆஸ்பத்திரியில் தர்ம வார்டில் சேர்த்திருக்கிறது, நிலைமை நன்றாக இல்லை. நான் சிஸ்டரிடம் ஓடினேன்.

"தாய் தேப்பனெண்டால் விடலாம் பிள்ளை," என்றார். "சித்தி, மாமியெண்டு விட வெளிக்கிட்டா மடத்தில ஒருத்தியும் மிஞ்சாள். ஆருக்குச் சுகமில்லையெண்டனீர்?"

"சித்திக்கு, சிஸ்டர்."

அவர் தையலை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஆருக்கு?"

அம்மா என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பரீட்சை நினைவுக்கு வந்தது, அந்தக் கிள்ளும் வந்தது.

"சித்திக்கு," என்றேன்.

அடுத்த வாரம் காலைச் செபம் முடிந்ததும் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சித்தி மோட்சம் போய்விட்டாள் என்றார். மஹய்யாவ சவக்காலையில் தர்மத்தில் புதைத்தாயிற்றாம். கோயிலில் போய் அழுதுவிட்டு வா என்று அரை மணி நேரம் விட்டார். சித்திக்கு எவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நவம்பரிலும் அம்மாவின் பேரை வழக்கம்போல வாசித்தார்கள். அது இப்போது உண்மை என்று கோயிலில் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சையில் தேறினேன். பயிற்சி முடித்து அதே கீழ்க் கட்டடத்துக்கே டீச்சராக வந்து சேர்ந்தேன். ஒரு நாள் ஒரு பெண் ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு வந்து கடிதம் நீட்டினாள். சிஸ்டர் அதைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்தார். அவள் போன பிறகு கேட்டேன்.

"வாசிக்கலியா சிஸ்டர்?"

"என்னத்துக்கு? எல்லாம் ஒரே கடிதம்தான். தாய் செத்துப்போனா, சித்தி கூட்டிக்கொண்டு வாறா."

"என்னோட விஷயமும் தெரியுமா?"

"ஓம். சித்தியெண்டவள் அப்பிடி மடியில போட்டுப் பேன் பாப்பாளோ? முதல் ஞாயிறே தெரியும்."

"அப்புறம் ஏன் என்னைய ஆஸ்பத்திரிக்கு விடல்ல?" கத்திவிட்டேன். அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"ரெண்டு தரம் கேட்டனான் பிள்ளை, ஆரெண்டு. நீர் சித்தியெண்டீர். சித்திக்கெண்டு மடத்துப் பெரிய மதரிட்டப் போய் எப்பிடிக் கேக்கிறது? அம்மாவெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

"சொல்லியிருந்தா வெளிய அனுப்பியிருப்பீங்களே!"

"ஆரை?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "தாய் இருக்கிறாவெண்டு சொன்னதுக்கு நாங்கள் ஒரு பிள்ளையையும் அனுப்பினதில்லையே."

மடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேர நடை. அம்மா அங்கே எட்டு நாள் கிடந்தாள்.