வெளிச் சாப்பாடு

வடக்கே, சாங்வியில் ஒரு மல்டிபிளெக்ஸ். ஞாயிறு காலை, முதல் காட்சிக்கு முன், ஒரு தமிழ்ச் சபை இங்கே அரங்கை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறது. மதமும் சினிமாவும் பற்றி ஆராய்ச்சி என்று அலைகிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாசலிலேயே தகராறு. சபையைச் சேர்ந்த எஸ்தர் அக்கா திருவிருந்துக்காக டப்பாவில் கொண்டுவந்த அப்பத்தை செக்யூரிட்டிக்காரர் நிறுத்துகிறார். ஆள் புதுசு. வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாதாம்.

"கானா நஹி பாய்சாப், பிரசாத் ஹை" என்கிறார் அக்கா. சாப்பாடு இல்லையாம், பிரசாதமாம்.

அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றி, டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வழிவிடுகிறார்.

"பிரசாதமாக்கா?"

"பின்ன, அவருக்குப் புரியணும்லா? பாஸ்டர்கிட்ட சொல்லிராதீங்க தம்பி."

உள்ளே, ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் அப்பம் வாங்க வரலாம் என்கிறார் பாஸ்டர். நான் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை.

முடிந்து வெளியே வரும்போது பாப்கார்ன் வாசனை அடிக்கிறது. செக்யூரிட்டிக்காரர் இடது கைமேல் வலது கையைக் குவித்து வைத்துக்கொண்டு அக்காவின் முன்னால் வந்து நிற்கிறார்.

"பிரசாத்?"

டப்பாவில் மீதி இருக்கிறது. பின்னால் பாஸ்டர் வந்துகொண்டிருக்கிறார்.

அக்கா மூடியைத் திறக்கிறார்.