நடுப்பகலில் இருட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பூச்சிமருந்து பாட்டிலில் உள்ள பொடி எழுத்தையும் விடாமல் அப்பாவுக்குப் படித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று குருபரப்பள்ளி பக்கத்தில் எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு மருந்து அடித்துவிட்டு, மோட்டார் ரூம் நிழலில் வந்து உட்கார்ந்தார் அப்பா. உச்சி வெயில் கொளுத்தியது.

“பாப்பா, மோடம் போட்டிருச்சா? இருட்டிக்கினு வருதே,” என்றார்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவர் வாயோரம் எச்சில் வழிந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது.

“உச்சி நேரத்துல முனி அடிச்சிருச்சு! கோயிலுக்குத் தூக்குடி!” என்று தோட்டத்திலிருந்து ஓடிவந்த அம்மா அலறினாள்.

குனிந்து பார்த்தேன். அந்த நிழலிலும் அவருடைய கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. விஷம் ஏறியதற்கு அறிகுறி என்று பாட்டிலில் படித்தது அதுதான். சட்டையின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. வேர்வையில்லை, மருந்து நாற்றம். முதுகில் சுமந்த டேங்க் ஒழுகியிருக்கிறது.

“முனி இல்லம்மா, மருந்து! சோப்பு கொண்டா!”

“நாலெழுத்து படிச்சிட்டா முனி இல்லன்னு ஆயிடுமா?” என்று திட்டிக்கொண்டே சோப்போடு ஓடிவந்தாள்.

கைகளில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றினேன். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அப்பா பிழைத்தார்.

அம்மா முனிக்கும் பொங்கல் வைத்தாள். நான் தடுக்கவில்லை.

இப்போதும் அப்பா “இருட்டுதே” என்றால், நான் வானத்தைப் பார்ப்பதில்லை. அவர் கண்களைத்தான் பார்க்கிறேன்.